250 ரூபாய் மாம்பழமும் ஒரு புழுவும்

வணக்கம் உறவுகளே! இன்றைக்குக் கடுப்பில் இருக்கிறேன். காரணம் இந்தக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒன்று 250 ரூபாய் என்றார்கள். எனக்குப் பேரம் பேச வராது, பனங்கட்டி வீடியோவில் பார்த்துச் சிரித்தீர்கள்தானே? இன்றைக்கு மூன்றை 600க்கு வாங்கினேன். 150 ரூபாய் மிச்சம்! சந்தை வாசல்வரை சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து வெட்டினால், கொட்டையடியில் வெள்ளைப் புழு. கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன், பாருங்கள், எப்படித் துள்ளுகிறது.

இப்படிப் பழத்துக்குள் இருக்கிற புழு ஈயாகிப் பரவாமல் இருக்கக் கதிர் அடிப்பார்கள். இந்தியாவில் இருந்து அமெரிக்காவுக்கு மாம்பழத்தை அப்படிக் கதிர் அடித்து அனுப்பத் தொடங்கியது 2007இல். அதைச் சொன்னால் பெரியம்மா குசினிக்குள் இருந்து, "பழம் அவிஞ்சு போகாதோ?" என்று கேட்கிறா. அவியாது. சூடு ஏறுவது ஒரு பாகையில் பத்திலொரு பங்குதான்.

அயனாக்கும் கதிர் போகிற வழியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இலத்திரனைப் பிடுங்கி எறியும். புழுவில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் முதல் அடி தண்ணீருக்கு. அது உடைந்து ஐதரொட்சில் மூலிகம் வரும். பொல்லாத சாமான், பக்கத்தில் இருப்பதைக் கடிக்கும். புரதத்தையும் கடிக்கும், டிஎன்ஏயையும் கடிக்கும்.

புரதம் பழுதானால் பெரிய நட்டமில்லை. நொதியமும் புரதம்தான், ஒரே நொதியம் கலத்துக்குள் ஆயிரக்கணக்கில் கிடக்கும், குறைந்தால் புதிதாகச் செய்யலாம். எதைப் பார்த்துச் செய்வது? டிஎன்ஏயை. அதற்கோ ஒரு சோடிப் பிரதிதான். ஒவ்வொரு பிரதியிலும் இரண்டு இழை. ஓர் இழை அறுந்தால் மற்றதைப் பார்த்து ஒட்டிவிடும். இரண்டும் கிட்டக்கிட்ட அறுந்தால்தான் சங்கடம். பட்ட கதிரைக் கிரே என்ற அலகில் அளப்பார்கள். மனிதக் கலத்தில் 1 கிரேக்கே அப்படி ஏறத்தாழ 40 இடத்தில் அறும்.

ஐயோ, அளவைச் சொல்ல மறந்துவிட்டேன்! அமெரிக்காவுக்குப் போகிற அந்த மாம்பழத்துக்கு அடிப்பது குறைந்தது 400 கிரே. பழ ஈக்கு மட்டும் என்றால் 150 போதும். எங்களுக்கு உடம்பு முழுக்க ஒரேயடியாக 4, 5 கிரே பட்டாலே, வைத்தியம் இல்லாவிட்டால் பாதிப் பேர் தப்பமாட்டோம்.

பறித்த பழத்தில் கலங்கள் இனிப் பிரிந்து பெருக வேண்டியதில்லை. இருக்கிற நொதியத்தை வைத்துப் பழுத்துவிடும். புழு அப்படியில்லை, ஈயாக வேண்டுமென்றால் கலம் பிரிய வேண்டும். டிஎன்ஏ அறுந்திருப்பதால் அங்கேதான் மாட்டும். ஆனால் உடனே சாகும் என்றில்லை. பழைய புரதம் ஓடும்வரை நெளிந்துகொண்டிருக்கும், ஈயாக மட்டும் மாறாது.

பொறுங்கள்... அப்படியென்றால் கதிர் அடித்த பழத்தை வெட்டினாலும் இவர் உள்ளே இருந்திருப்பார்! சரி, மிச்சம் இரண்டையும் பெரியம்மா வெட்டட்டும். நான் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன்.