டீ குடித்தாரா, வாசித்தாரா?

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம்.

எலெக்ட்ரானிக் இசை மனத்தின் வேலையா, மெஷினின் வேலையா? எதிரணித் தம்பி ஒரே போடாகப் போட்டார்: "பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போகிறவன் வித்வானா?" நீங்களும் கை தட்டினீர்கள். நானும்தான் சிரித்தேன்.

தம்பி, பெர்லினில் மானுவேல் கோட்ஷிங் என்று ஒரு எலெக்ட்ரானிக் இசைக்கலைஞர். 1981 டிசம்பரில் ஹாம்பர்க் கிளம்புகிறார், வழியில் வாக்மேனில் கேட்க ஏதாவது வேண்டும். நாமாக இருந்தால் கேசட் வாங்குவோம். இவர் ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்துகொண்டார். வெட்டவில்லை, ஒட்டவில்லை. அதுதான் 'ஈ2-ஈ4' என்ற இசை.

விர்ஜின் இசைத்தட்டு கம்பெனி முதலாளி ரிச்சர்ட் பிரான்சனிடம் அதைப் போட்டுக் காட்டினாராம். பிரான்சன் கையில் குழந்தை. இசை ஓடுகிறது... குழந்தை கண் சொக்குகிறது... தூங்கியே போச்சு! சபாவில் முன்வரிசை மாமா குறட்டை விட்டால் வித்வான் முகம் எப்படிப் போகும்? ஆனால் பிரான்சன், இதை வைத்து நீ பெரும் பணம் பண்ணலாம் என்றாராம். 1984இல் அது இசைத்தட்டாக வந்தது. ஜெர்மன் விமர்சகர்கள் கண்டுகொள்ளவில்லை, அவர்களும் தூங்கிவிட்டார்களோ என்னவோ! அதே தட்டை நியூயார்க் 'பாரடைஸ் கராஜ்' நடன கிளப்பில் டி.ஜே. லாரி லெவன் போட்டார், கூட்டம் ஆடியது.

டீ விஷயத்துக்கு வருகிறேன். சீக்வென்சர், அதாவது கொடுத்த ஸ்வரங்களைத் தானே வாசிக்கும் கருவி, இரண்டே ஸ்வரக் கூட்டை (chord) திரும்பத் திரும்பச் சொல்கிறது, உண்மை. ஆனால் ஒலியைக் கூட்டுவது, குறைப்பது, மேலே புதுசாக ஒன்றைச் சேர்ப்பது எல்லாம் அவர் கை. பாதி தாண்டியதும் கிதாரையும் எடுத்துக்கொள்கிறார். இரண்டு கையும் கிதாரில் இருக்க, டீ டம்ளரை யார் பிடித்தது தம்பி? நீங்களா?

திரும்பத் திரும்ப வந்தால் மெஷின் என்கிறீர்கள். உங்கள் அம்மா தாலாட்டில் எத்தனை வரி இருந்தது? ஆராரோ, ஆரிரரோ. நீங்கள் தூங்கும் வரை அதையேதானே பாடினாள்? அவளை மெஷின் என்பீர்களா?

மானுவேல் 2022 டிசம்பரில் போய்விட்டார், வயது 70. தன் ஒரு பயணத்துக்காக வாசித்ததை உலகத்துக்கே விட்டுவிட்டுப் போனார்.

நடுவர் அவர்களே, ஈ2-ஈ4 என்பது சதுரங்கத்தில் ஒரு முதல் நகர்த்தல். அந்தத் தட்டின் கடைசிப் பகுதிக்கு அவர் வைத்த பெயர் 'டிரா'. அவர் வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் தயவுசெய்து அந்தத் தீர்ப்பைச் சொல்லிவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.