கடவுச்சொல் சரிதான், பாடம்தான் பழசு

வணக்கம் நண்பர்களே. திரையில் தெரிவது, கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க வருகிற புதியவர்களுக்கான கிட் பாடம். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவிதான் கிட். இந்தப் பாடத்தைப் பல வருடமாக யாரும் தொடவில்லை. போன வாரம் என் சித்தப்பா மகள் இதைப் பார்த்துத்தான் செய்துகொண்டிருந்தாள். கல்லூரியில் முதலாண்டு. தன் மாற்றங்களை இணையத்துக்கு அனுப்ப கிட் புஷ் கட்டளையைக் கொடுத்தாள், கடவுச்சொல் கேட்டது. நான்கு முறை அடித்தாள், நான்கு முறையும் ஏற்கவில்லை. "அண்ணா, எனக்கு இதெல்லாம் வராது போல" என்றாள். அதைக் கேட்டதும் மனசு கஷ்டமாகிவிட்டது.

அவள் அடித்தது சரியான கடவுச்சொல்தான். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் கட்டளைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை, நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப் ஏற்பதில்லை. அந்த இடத்தில் டோக்கன், அதாவது கிட்ஹப்பில் நாமே உருவாக்கி எடுக்கும் நீண்ட ரகசியக் குறியீடு, தர வேண்டும்; இல்லையென்றால் நம்மை அடையாளம் காட்ட கணினியிலேயே இருக்கும் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பை வைத்துக்கொள்ள வேண்டும். டோக்கனை ஒட்டும்போது, கட்டளை அடிக்கும் டெர்மினலில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. ஒட்டவில்லையோ என்று மறுபடி ஒட்டினால் இரண்டும் சேர்ந்துவிடும். பாடத்தில் இதையும் ஒரு வரி எழுத வேண்டும்.

சரி, வேறு எங்கெல்லாம் இடறும்? அதற்காக லேப்டாப்பில் புதிய பயனர் கணக்கு ஒன்று திறந்து, முதல் வரியிலிருந்து செய்து பார்த்தேன். மாற்றங்களைப் பதிவு செய்வதற்கான கமிட் கட்டளையைக் கொடுக்கும் இடத்திலேயே "நீங்கள் யார்?" என்று கேட்டு நின்றுவிட்டது. பாடம் எழுதியவர் தன் கணினியில் பெயரையும் மின்னஞ்சலையும் எப்போதோ கொடுத்திருப்பார். அதனால் அந்தப் படியே பாடத்தில் இல்லை. பழகிய கணினியில் எத்தனை முறை ஓட்டினாலும் இது கண்ணில் படாது.

அப்புறம் கிளைப் பெயர், அதாவது திட்டத்தின் முதன்மை வரிசைக்கு வைத்திருக்கும் பெயர். பாடம் முழுக்க 'மாஸ்டர்'. 2020 அக்டோபர் முதல் கிட்ஹப்பில் புதிதாகத் தொடங்கும் ரெப்போக்களுக்கு (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடம்) 'மெயின்'தான். அதற்காக எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றிவிடக் கூடாது. பழைய திட்டங்கள் பலவற்றில் இன்னும் மாஸ்டர்தான் இருக்கிறது. "முதலில் ரெப்போ பக்கத்தில் கிளையின் பெயரைப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறேன். கட்டளைகளுக்கு முன்னால் இருந்த டாலர் குறிகளையும் எடுத்துவிட்டேன். புதியவர்கள் அதையும் சேர்த்து நகலெடுத்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனி புல் ரிக்வெஸ்டாக, அதாவது சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கையாக, அனுப்பினேன்; பராமரிப்பவர் ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். டோக்கன் பகுதியை மட்டும் நான் தொடவில்லை. தங்கை கண்டுபிடித்த பிழை அது, அவளே அனுப்பட்டும். இன்று மாலை வருகிறாள், ஃபோர்க் செய்வதிலிருந்து, அதாவது ரெப்போவைத் தன் கணக்கில் நகலெடுப்பதிலிருந்து, தொடங்குகிறோம்.