கிரீடத் தங்கத்தோடு காணாமல் போன ஆயர்

[திரையில்: இருட்டான பட்டறை. உலைத் தீ. சுத்தியல் சத்தம்.]

இங்கிலாந்து அரசர் எட்வர்டுக்குக் கிரீடம் செய்யச் சொல்லித் தங்கத்தையும் ரத்தினக் கற்களையும் ஒருவரிடம் கொடுக்கிறார்கள். கிரீடம் வரவில்லை. ஆளும் வரவில்லை. இத்தனைக்கும் அவர் சாதாரணப் பொற்கொல்லர் இல்லை, லண்டனுக்கே ஆயராக, அதாவது பிஷப்பாக, நியமிக்கப்பட்டவர்.

பெயர் ஸ்பியர்ஹவோக். பழைய ஆங்கிலத்தில் வல்லூறு என்று அர்த்தம். குருவிகளைப் பாய்ந்து தூக்குமே, அதே பறவைதான். பெயர் வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ!

பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தில் துறவியாக இருந்தவர். ஓவியம், பொன்வேலை இரண்டிலும் கெட்டிக்காரர். ஒருமுறை கேன்டர்பரியில் வேலை செய்தபோது, ராணி ஈடித் கொடுத்த விலையுயர்ந்த மோதிரத்தைத் தொலைத்துவிட்டார். பதறிப்போய், அங்கே அடக்கமாகியிருந்த புனித லெட்டார்டிடம் வேண்டிக்கொள்ள, மோதிரம் கிடைத்ததாம். நன்றிக்கடனாக அந்தப் புனிதருக்கும் பழங்கால கென்ட் நாட்டு அரசி பெர்த்தாவுக்கும் பிரமாண்டமான சிலைகள் செய்து வைத்தார்.

கைத்திறமை அவரை அரண்மனைக்கு நெருக்கமாக்கியது. 1047 வாக்கில் ஆபிங்டன் மடத்துக்குத் தலைவரானார். 1051இல் அரசர் எட்வர்ட் அவரை லண்டன் ஆயராக்கினார்.

[திரையில்: அரச முத்திரை பதித்த கடிதம்.]

சிக்கல் இங்கேதான். ஆயர் பட்டம் சூட்ட வேண்டியவர் கேன்டர்பரியின் புதிய பேராயர், நார்மண்டியிலிருந்து வந்த ராபர்ட். ஸ்பியர்ஹவோக் அரச முத்திரையோடு போய் நிற்கிறார். "போப்பாண்டவர் கூடாது என்றுவிட்டார்" என்கிறார் ராபர்ட். மறுபடியும் போய்க் கேட்கிறார். அதே பதில். அன்றைய போப் ஒன்பதாம் லியோ, காசு கொடுத்துப் பதவி வாங்குவதை ஒழிக்கக் கிளம்பியவர். காரணம் அதுவாக இருக்கலாம். என் சந்தேகம் வேறு: ராணி ஈடித்தின் அப்பா காட்வின் பிரபு, ராபர்ட்டின் பரம எதிரி. ஸ்பியர்ஹவோக்கை அந்தக் கோஷ்டி ஆளாகவே ராபர்ட் பார்த்திருப்பார்.

சரி, பட்டம் இல்லை. ஸ்பியர்ஹவோக் அசரவில்லை. லண்டனுக்குப் போய் ஆயர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். கோடை முழுக்க, இலையுதிர்காலம் முழுக்க, அரசர் சம்மதத்தோடுதான். இதற்கிடையே செப்டம்பரில் காட்வின் குடும்பமே நாடு கடத்தப்பட்டது, அதன்பின் ஸ்பியர்ஹவோக்கும் வெளியேற்றப்பட்டார். அரசரின் பாதிரியார் வில்லியம் லண்டன் ஆயரானார்.

போகும்போது கிரீடத்துக்கான தங்கத்தையும் கற்களையும் லண்டன் திருச்சபையின் செல்வத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார் என்கிறது ஆபிங்டன் மடத்தின் வரலாறு. அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர் இல்லை.

[திரையில்: தேம்ஸ் நதி, கப்பல்கள்.]

அடுத்த வருடமே காட்வின் படையோடு திரும்பினார். ராபர்ட் கடல் தாண்டி ஓடினார். போப்பிடம் வாங்கிய பேராயர் தோளாடையைக்கூட விட்டுவிட்டு. வில்லியமும் ஓடினார், ஆனால் நல்லவர் என்று திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஸ்பியர்ஹவோக்கை அழைக்க முடியவில்லை. எங்கே என்று தெரிந்தால்தானே?