பத்து லட்சம் தடுப்பூசி, காசு வேண்டாம்: ஏன் மறுத்தார்கள்?

(திரையில்: 2016 அக்டோபர்)

வணக்கம். 2016 அக்டோபரில் ஒரு செய்தி பலரைக் குழப்பியது. ஃபைசர் நிறுவனம் பத்து லட்சம் டோஸ் நிமோனியா தடுப்பூசியை 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு இலவசமாகத் தர முன்வந்தது. போர் நடக்கும் ஊர்களிலும் அகதி முகாம்களிலும் வேலை செய்யும் அமைப்பு அது. அதன் மருத்துவர்கள் நிமோனியாவில் குழந்தைகள் சாவதை நேரில் பார்ப்பவர்கள். அந்தக் காலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரை அந்த நோய் கொண்டுபோனது. அப்படியிருந்தும் அவர்கள் சொன்ன பதில்: வேண்டாம்.

கேட்டவுடன் கோபம் வரத்தான் செய்யும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள் நம் ஊரில். தடுப்பூசி தானமாக வந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

(திரையில்: தடுப்பூசிக் குப்பி, அருகில் 13 வண்ணப் புள்ளிகள்)

இந்தத் தடுப்பூசியின் பெயர் ப்ரெவ்னார் 13. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவில் பல வகைகள் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் மேலே தனக்கென ஒரு சர்க்கரை உறை இருக்கும். 13 வகைகளின் உறைச் சர்க்கரையைத் தனித்தனியே எடுத்து, சுத்திகரித்து, ஒரு புரதத்தோடு பிணைத்து, பிறகு ஒன்றாகச் சேர்க்கிறார்கள். ஒரே ஊசிக்குள் 13 தடுப்பூசிகள் என்றே சொல்லிவிடலாம். செய்வது எளிதல்ல. அதனால் 2016-இல் குழந்தைகளுக்கான இந்தச் சந்தை முழுவதும் இரண்டே நிறுவனங்களின் கையில் இருந்தது: ஃபைசர், ஜிஎஸ்கே.

போட்டியில்லாத சந்தையில் விலை எப்படி இருக்கும்? 'கவி' என்ற பன்னாட்டுத் தடுப்பூசிக் கூட்டணி மூலம் வாங்கும் ஏழை நாடுகளுக்கு ஒரு டோஸ் சுமார் 3.30 டாலர். அதே ஆண்டில் கிரீஸில் அகதிக் குழந்தைகளுக்குப் போட அதே மருத்துவர்கள் கொடுத்த விலை ஒரு டோஸுக்கு 60 யூரோ. ஏறத்தாழ இருபது மடங்கு! கூட்டணியின் விலை அதன் பட்டியலில் உள்ள நாடுகளுக்குத்தான்; முகாமில் ஊசி போடும் தொண்டு அமைப்புக்கு அது கிடையாது. அந்த விலையை எங்களுக்கும் தாருங்கள் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தார்கள். 2016 ஏப்ரலில் நியூயார்க்கிலுள்ள ஃபைசர் தலைமையகத்துக்கு 1.7 கோடி டாலர் போலி நோட்டுகளைச் சுமந்துகொண்டு போனார்கள். இந்த ஒரு தடுப்பூசி ஃபைசருக்கு ஒரு நாளில் ஈட்டித் தரும் தொகை அது என்பது அவர்கள் கணக்கு. 2015-இல் அதன் விற்பனை 600 கோடி டாலருக்கு மேல் என்பதால் கணக்கில் பிழை இல்லை.

அவர்கள் கேட்டது விலைக்குறைப்பு, வந்தது நன்கொடை. பிரச்சினை இங்கேதான்.

தடுப்பூசியின் தேவை ஒரு முறை தீர்த்துவிட்டால் ஓய்ந்துபோவதல்ல. அடுத்த ஆண்டு புதிய குழந்தைகள் பிறப்பார்கள், அதற்கடுத்த ஆண்டும் பிறப்பார்கள். நன்கொடையோ கொடுப்பவர் விரும்பும்வரைதான். எந்த நாட்டில், யாருக்குப் போடலாம் என்ற நிபந்தனையும் அதோடு வரக்கூடும். 3 டாலர் விலை என்று எழுதி வாங்கிவிட்டால் யார் தயவும் இல்லாமல் ஆண்டுதோறும் வாங்கலாம். இன்னொன்றும் உண்டு. இலவசச் சரக்கு குவியும் இடத்தில் மூன்றாவதாக ஒருவர் ஆலை கட்டி முதல் போடத் தயங்குவார். ஆகவே இருப்பவரின் ஆதிக்கம் அப்படியே நீடிக்கும். கொடுப்பவருக்கு நல்ல பெயர் கிடைக்கும், வரிச்சலுகையும் கிடைக்கும்: அமெரிக்க வரிச் சட்டத்தின்படி, ஏழைகளுக்காகவும் நோயாளிகளுக்காகவும் சரக்கை நன்கொடை தரும் நிறுவனம், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அடக்கவிலையைப் போல இரு மடங்கு வரைகூட வருமானத்தில் கழித்துக்கொள்ள முடியும்.

இதில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. இந்த முடிவை எடுத்தபோது முகாமிலிருந்த தாய்மாரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கொள்கைக்காகக் காத்திருந்த வாரங்களில் ஊசி கிடைக்காத குழந்தை எந்தக் கணக்கில் வரும்? அந்த அமைப்புக்கே இது தெரியும். 2014-இல் விதிவிலக்காக இதே தடுப்பூசியை நன்கொடையாக ஏற்றுக்கொண்டார்கள், விலைப் பேச்சு முடியும்வரை என்று சொல்லி. பேச்சு முடியவே இல்லை. மேலும், லட்சக்கணக்கான தனிமனிதர்கள் தரும் பணத்தில் இயங்குவதால் அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. கஜானா காலியான ஒரு நாட்டின் சுகாதார அமைச்சருக்கு அந்தத் தைரியம் வராது.

ஆனால் மறுப்பு பலித்தது. செப்டம்பரிலேயே ஜிஎஸ்கே தொண்டு அமைப்புகளுக்கு விலையைக் குறைத்திருந்தது. நவம்பரில் ஃபைசரும் இறங்கி வந்தது: டோஸுக்கு 3.10 டாலர். மறுத்த அடுத்த மாதமே! 2017-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து, நெருக்கடியில் சிக்கிய மக்களுக்கு இந்த விலையில் வாங்கித் தர ஒரு தனி ஏற்பாட்டையே தொடங்கின.

(திரையில்: ஆற்றங்கரைக் கிராமம், ஆப்பிரிக்கா)

அப்படியானால் நிறுவனங்களின் தானமே கூடாதா? அப்படிச் சொன்னால் மெர்க் நிறுவனத்துக்கு அநியாயம் செய்வதாகும். ஆற்றோரக் கருப்பு ஈக்களால் பரவி, கண்ணைப் பறிக்கும் 'ஆற்றுக் குருடு' நோய்க்கு ஐவர்மெக்டின் மாத்திரையை 1987 முதல் இலவசமாகத் தருகிறது மெர்க். தேவைப்படும் அளவு, தேவைப்படும் காலம்வரை என்பது வாக்குறுதி. 2013-இல் கொலம்பியாவும் 2025-இல் நைஜரும் அந்த நோய் ஒழிந்த நாடுகளாக அறிவிக்கப்பட்டன. அந்த நோயாளிகளிடம் மாத்திரை வாங்கக் காசே இல்லை. அங்கே காப்பாற்றிக்கொள்ளச் சந்தையும் இல்லை, முடக்கப் போட்டியாளரும் இல்லை. அளவும் காலமும் வரையறுக்காத தானம் அது. ஃபைசர் நீட்டிய பத்து லட்சத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பல்லைப் பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதைக் கொரோனாக் காலம் காட்டியது. 2021 டிசம்பரில் நைஜீரியா பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஸ்ட்ராஜெனெகா டோஸ்களை அபுஜாவில் அழித்தது. பணக்கார நாடுகள் காலாவதித் தேதி நெருங்கிய பிறகு தள்ளிவிட்ட சரக்கு. அதே மாதத்தில் ஏழை நாடுகள் பத்து கோடிக்கும் மேற்பட்ட டோஸ்களைத் திருப்பியதற்கும் இதுதான் பெருங்காரணம்.

நிமோனியா தடுப்பூசியின் விலையை உண்மையில் உடைத்தது புனேயிலுள்ள சீரம் நிறுவனம். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்க நாடுகளில் அதிகம் தாக்கும் பத்து வகைகளைக் குறிவைத்து அவர்கள் செய்த நியுமோசில், 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்று பெற்றது. கூட்டணிக்கு அது தந்த விலை டோஸுக்கு 2 டாலர். இதற்கான ஆய்வுக்குப் பணம் கொடுத்ததும் கேட்ஸ் அறக்கட்டளை என்ற ஒரு கொடையாளர்தான். ஆயத்த டோஸ்களை வழங்குவதற்குப் பதிலாக, மூன்றாவது உற்பத்தியாளரை உருவாக்க அந்தப் பணம் போனது.

இன்னும் ஒரு கூட்டம் இந்தக் கதைக்கு வெளியே நிற்கிறது. கூட்டணியின் பட்டியலில் சேரும் அளவுக்கு ஏழையுமல்ல, போரும் இல்லை, அதனால் நெருக்கடிக்கால விலையும் கிடையாது: அப்படிப்பட்ட நடுத்தர வருமான நாடுகள் பல. அவை தனித்தனியே நிறுவனங்களோடு பேரம் பேசுகின்றன. பக்கத்து நாடு என்ன விலை கொடுத்தது என்பதுகூடப் பல நேரங்களில் அவற்றுக்குத் தெரியாது.