புக்கிட் தீமா வண்டுகளும் கடவுள் பற்றிய கேள்வியும்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்த காலத்திலும் சரி, ஓய்வுபெற்ற பிறகும் சரி, என்னைத் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் கேட்பார்கள், தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதும் கேட்பார்கள். "சார், இந்தப் பரிணாமக் கொள்கை அறிவியல்தானா? இல்லை, கடவுள் இல்லை என்று சொல்வதற்காகக் கட்டிய தத்துவமா?"

இதை நான் சின்னக் கேள்வியாக நினைத்ததே இல்லை. பிள்ளைக்குத் தேவாரம் சொல்லித்தரும் தாயும், குர்ஆன் ஓதப் பழக்கும் தகப்பனும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கூட்டிப்போகும் பாட்டியும் கவலையோடு கேட்பது இது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரினங்கள் பொதுவான மூதாதையரிடமிருந்து தலைமுறை தலைமுறையாக மாறி வந்தவை என்னும் பரிணாமக் கொள்கை அறிவியல். பொருளைத் தவிர வேறெதுவும் கிடையாது, மனமும் உயிரும் சடப்பொருளின் விளைவுதான் என்பது பொருள்முதல்வாதம். அது அந்த அறிவியலின் மேல் சிலர் ஏற்றிவைத்த சுமை. இரண்டையும் பிரிக்கலாம். பிரித்து வாழ்ந்தே காட்டிய ஒருவர் நம் ஊரில் நடமாடியிருக்கிறார்.

அவர் பெயர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்து இறங்கியபோது வயது 31. வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. 14 வயதில் படிப்பை விட்டவர். பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து லண்டனுக்கு அனுப்பி, அது விற்ற காசில் பிழைத்தவர். புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரின் மிஷன் வீட்டில் தங்கினார். செயின்ட் ஜோசப் தேவாலயம் என்று இன்றும் அங்கே இருக்கிறதே, அந்த மிஷன்தான்.

அன்றைய புக்கிட் தீமாவை நினைத்துப் பாருங்கள். அடுக்குமாடி வீடுகள் இல்லை, எம்ஆர்டி இல்லை. காடும், தோல் பதனிடப் பயன்படும் கம்பியர் செடித் தோட்டங்களும்தான். புலி நடமாட்டம் வேறு. சராசரியாக நாளுக்கு ஒரு சீனத் தொழிலாளியைப் புலி கொல்கிறது என்று வாலஸ் எழுதியிருக்கிறார். புலியைப் பிடிக்க ஆங்காங்கே 15, 20 அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, மேலே குச்சியும் இலையும் போட்டு மூடியிருப்பார்கள். முன்பெல்லாம் குழிக்குள் கூரான கழியும் நட்டிருப்பார்களாம். வழிப்போக்கர் ஒருவர் விழுந்து செத்த பிறகு கழி நடுவதைத் தடை செய்தார்கள். அந்தக் காட்டுக்குள்தான் இந்த மனிதர் வலையைத் தூக்கிக்கொண்டு வண்டு பிடிக்கப் போனார்.

சும்மா போகவில்லை. சீனத் தொழிலாளர்கள் மரம் வெட்டி அறுக்கும் இடங்களாகப் பார்த்துப் போனார். வெட்டிய மரம், பட்டை, மரத்தூள் கிடக்கும் இடத்தில் வண்டுகள் மொய்க்கும். சுமார் 2 மாதத்தில் 700 வகை வண்டுகள்! நீண்ட உணர்கொம்பு உள்ளவை மட்டும் 130 வகை. கிட்டத்தட்ட எல்லாமே ஒரு சதுர மைலுக்குள் கிடைத்தவை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒன்றைப்போலவே இன்னொன்று, ஆனால் கொஞ்சம் வேறு, ஏன் இத்தனை? இந்தக் கேள்வியோடுதான் அவர் தீவு தீவாக அலைந்தார். 1858இல், இன்றைய இந்தோனேசியாவில் உள்ள தெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். டார்வின் பல ஆண்டுகளாக வெளியிடாமல் வைத்திருந்த இயற்கைத் தேர்வு என்ற அதே கருத்து, அதாவது சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகுவதால் உயிரினங்கள் மெல்ல மாறுகின்றன என்பது, அதில் இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி இருவர் எழுத்தும் லண்டனில் சேர்த்தே வாசிக்கப்பட்டன.

சரி, இந்த வாலஸ் பொருள்முதல்வாதியா? இல்லவே இல்லை. பின்னாளில் ஆவிகளோடு பேசும் கூட்டங்களுக்குப் போனார், ஆன்மா உண்டு என்று வாதாடினார். மனித மனம் உருவாக இயற்கைத் தேர்வு மட்டும் போதாது, மேலான ஓர் அறிவு வழிநடத்தியிருக்க வேண்டும் என்று 1869இல் எழுதினார். அப்படித்தான் எழுதப்போகிறார் என்று தெரிந்ததும் டார்வின் பதறிப்போனார். உங்களுக்கும் எனக்கும் பிறந்த பிள்ளையை முழுசாகக் கொன்றுவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன், என்ற பொருளில் ஒரு கடிதம் போட்டார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வண்டுகள் எப்படி வந்தன என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை.

"மனத்துக்கு மட்டும் விலக்குக் கேட்டாரே சார்" என்பீர்கள். நியாயம்தான். அப்படி விலக்குக் கேட்காதவர்களையும் பார்ப்போம். இயற்கைத் தேர்வுக்குக் கணக்கு வகுத்தவர்களில் இருவர் ரொனால்ட் ஃபிஷரும் ஹால்டேனும். ஃபிஷர் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். ஹால்டேன் மார்க்சியவாதி, கடைசிக் காலத்தில் இந்தியாவுக்குக் குடிவந்து புவனேஸ்வரத்தில் மறைந்தார். நம்பிக்கை வேறு வேறு, போட்ட கணக்கு ஒன்று. எதிர்ப்பக்கமும் உண்டு. உணர்வு என்பது நிலம், நீர் போன்ற பூதங்களின் சேர்க்கையில் தோன்றுவது என்று மணிமேகலையிலேயே பூதவாதி ஒருவன் வாதிடுகிறான். டார்வின் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முந்திய நூல் அது. பொருள்முதல்வாதத்துக்கு டார்வின் தேவைப்படவே இல்லை.

அப்படியானால் இதை அறிவியல் ஆக்குவது எது? தப்பு என்றால் பிடிபடும்படி அது பேசுகிறது. மீனிலிருந்து நாலுகால் விலங்கு வந்தது என்றால், இரண்டுக்கும் இடைப்பட்ட உயிரி இடைப்பட்ட காலத்துப் பாறையில் இருக்க வேண்டும். சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழைய பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று பார்த்து, கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவுக்குப் போய் வருஷக்கணக்கில் தேடினார்கள். 2004இல் கிடைத்தது டிக்டாலிக். செதிலும் துடுப்பும் உள்ள மீன், ஆனால் கழுத்து இருக்கிறது, துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்பும் இருக்கிறது. இது கடவுளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நாளைக்கு இடியுடன் மழை என்று வானிலை ஆய்வகம் சொன்னால், மழைக் கடவுளான வருணனை மறுக்கிறார்கள் என்று யாராவது சண்டைக்குப் போகிறோமா? இதுவும் அப்படித்தான்.

பரிணாமம் உண்மை, ஆகவே கடவுள் இல்லை என்று பேசும் விஞ்ஞானிகள் மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த "ஆகவே" எந்தப் பாறையிலும் கிடைத்ததல்ல. அதைக் கேட்டுப் பயந்துதான் பல வீடுகளில் பிள்ளைகளை இந்தப் பாடத்திலிருந்தே விலக்கி வைக்கிறார்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். உயிரணுவுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், இரண்டே வரியில் சொல்கிறேன். சிம்பன்சிக்கு 24 ஜோடி, நமக்கு 23. மூதாதை ஒன்று என்றால் நம் பக்கம் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டிய இடம் நம் இரண்டாவது குரோமோசோமில், முனையோடு முனை சேர்ந்த தடத்துடன் இருப்பதை 1991இல் கண்டுபிடித்தார்கள். அப்புறம், குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் புக்கிட் தீமா குரங்குகள் ஏன் இன்னும் குரங்காகவே இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு: அவற்றிலிருந்து நாம் வரவில்லை, அவற்றுக்கும் நமக்கும் பொதுவான மூதாதை இருந்தது இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். நன்றி, வணக்கம்.