ஆர்.ஓ. மெஷின்ல 60 காட்டுது, அப்போ ஈயம் இல்லைதானே? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுக்கப் போறேன். பத்துப் பன்னெண்டு கேள்வி சேர்ந்து கிடக்கு, ஆனா இது ஒண்ணு ரெண்டு நாளா என்னைத் தூங்க விடல. வியாசர்பாடியிலேருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன்.

"சார், என் பையன் நாலாவது படிக்கிறான். ஸ்கூல்ல ஆர்.ஓ. மெஷின் வச்சிருக்காங்க, அதுல டி.டி.எஸ். 60ன்னு காட்டுது. தண்ணில ஈயம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணீங்களான்னு மீட்டிங்ல கேட்டேன். 60தானே காட்டுது, ஒண்ணும் இருக்காதும்மான்னு சொல்லிட்டாங்க. அது சரியா? மெஷின்லேருந்து வெளிய நாலு டேப்புக்கு பைப் போகுது. மூணு பிளாஸ்டிக், கடைசி ஒண்ணு மட்டும் பழைய பித்தளை. அதுலதான் தண்ணி சில்லுன்னு வருதுன்னு பசங்க அடிச்சுக்கிட்டுப் பிடிக்கிறாங்களாம்."

அம்மா, கேட்டது நல்ல கேள்விதான். ஆனா கேள்வியை முடிச்சுட்டு, போற போக்குல பித்தளை டேப்புன்னு ஒரு வரி போட்டீங்க பாருங்க, என் தூக்கம் போனது அதனால. அதுக்கு வர்றேன்.

முதல்ல அந்த 60. டி.டி.எஸ்.னா தண்ணில கரைஞ்சிருக்கிற உப்பெல்லாம் மொத்தமா எவ்வளவுங்கற கணக்கு. அந்த மீட்டர் ஒவ்வொண்ணையும் தனித்தனியா பாக்கிறதில்ல. தண்ணிக்குள்ள கரண்ட் எவ்வளவு சுலபமா பாயுதுன்னு பாத்து, அதை வச்சு ஒரு நம்பர் போடுது, அவ்வளவுதான். 60ன்னா லிட்டருக்கு 60 மில்லிகிராம். நம்ம நாட்டுக் குடிதண்ணி தரம், ஐ.எஸ். 10500, அதுல ஈயத்துக்கு என்ன எல்லை தெரியுமா? லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். டி.டி.எஸ்.ஸுக்கு 500னு வச்சுட்டு, வேற தண்ணிக்கு வழியே இல்லைன்னா 2000 வரைக்கும் போகலாம்னு விட்டுக்கொடுத்திருக்காங்க. ஈயத்துக்கு அந்தச் சலுகையே கிடையாது. இப்போ கணக்குப் போடுங்க. மீட்டர்ல 60 இருக்கிறது 61 ஆகணும்னா ஒரு மில்லிகிராம் கூடணும். ஒரு மில்லிகிராம் ஈயம்னா எல்லையைப் போல நூறு மடங்கு. நூறு மடங்கு ஈயம் கலந்தாலும் அந்த நம்பர் ஒண்ணு அசையும், இல்ல அசையாமலே உக்காந்திருக்கும்.

இன்னும் மனசுல பதியணும்னா நம்ம தெருவுக்கு வர்ற தண்ணி லாரியை நினைச்சுக்குங்க. 12,000 லிட்டர் லாரி. அந்த மொத்தத் தண்ணியும் எல்லையைத் தொடறதுக்கு எத்தனை ஈயம் வேணும்? 120 மில்லிகிராம். உள்ளங்கையில அஞ்சாறு அரிசி வச்சுப் பாருங்க, அந்த எடை. ஒரு லாரிக்கு அஞ்சாறு அரிசி. நிறம் மாறாது, வாடை வராது, நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது. தண்ணிதான் ஆவியாகும், ஈயம் பாத்திரத்துலயே நிக்கும். இதைப் பாக்கிறதுக்கு அட்டாமிக் அப்சார்ப்ஷன், ஐ.சி.பி. மாதிரி பெரிய மெஷின் வேணும். என்.ஏ.பி.எல்.னு லேபோட தரத்தைப் பாத்து அங்கீகாரம் கொடுக்கிற அமைப்பு இருக்கு, அவங்க அங்கீகாரம் வாங்கின லேபுக்குத்தான் போகணும். கையில பிடிக்கிற மீட்டருக்கு ஆகிற வேலை இல்ல.

இந்த இடத்துல ஒருத்தர் கண்டிப்பா கீழ எழுதப் போறாரு: "சார், எங்க பாட்டி ஈயச் சொம்புலதான் ரசம் வச்சாங்க, 90 வயசு வரைக்கும் இருந்தாங்க". ஒவ்வொரு தடவையும் வரும். ஐயா, அது வெள்ளீயம். பாத்திரத்துக்குப் பூசுறதும் வெள்ளீயம். நான் பேசறது காரீயம், கார் பேட்டரிக்குள்ள இருக்கே, அது. வேற உலோகம். "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்"னு வண்டி தள்ளிக்கிட்டு வர்றவருக்கு வேணா ரெண்டும் ஒரே தராசு. புள்ளைங்க மூளைக்கு அப்படி இல்ல. பெரியவங்க குடல் உறிஞ்சறதைப் போல 4, 5 மடங்கு ஈயத்தை சின்னப் பசங்க குடல் உறிஞ்சிடும். இரும்புச் சத்து, கால்சியம் குறைச்சலா இருக்கிற புள்ளைன்னா இன்னும் கூட. உலக சுகாதார நிறுவனம் இந்த அளவு வரைக்கும் பயமில்லைன்னு ரத்தத்துல ஈயத்துக்கு ஒரு நம்பரே கொடுக்கல. பாட்டியை விடுங்க, விஷயத்துக்கு வருவோம்.

பழைய நேயர்களுக்கு நான் இப்போ என்ன சொல்லப் போறேன்னு தெரியும். குடம் வீடியோலயும் சொன்னேன், மொட்டைமாடி டேங்க் வீடியோலயும் சொன்னேன். தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க. ராத்திரி எங்க தூங்குச்சுன்னு கேளுங்க. புழல் ஏரித் தண்ணியா, மீஞ்சூர்ல கடல் தண்ணியைக் குடிதண்ணியா மாத்தறாங்களே அதுவான்னுதான் எல்லாரும் சண்டை போடுறோம். ஆனா ஈயம் பெரும்பாலும் ஏரிலேருந்து வர்றதில்ல. கட்டடத்துக்குள்ள, கடைசிப் பத்தடியில ஏறுது. பித்தளை டேப்பு, பைப்பை ஒட்டின பத்தவைப்பு, பழைய ஜி.ஐ. பைப்புக்கு உள்பக்கம் இருக்கிற துத்தநாகப் பூச்சு, சூட்டுல கெட்டுப்போகாம இருக்க ஈய உப்பு கலந்து செஞ்ச பி.வி.சி. பைப்பு. அந்தப் பி.வி.சி.யில ஈயத்தைக் குறைக்கணும்னு மத்திய அரசு 2021லதான் விதி கொண்டுவந்துச்சு. அதுக்கு முன்னாடி போட்ட பைப்பெல்லாம் சுவத்துல அப்படியேதான் இருக்கு. பகல்ல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், உலோகத்தோட உறவாட நேரம் இருக்காது. ஸ்கூல் விட்டதும் டேப்பை மூடிட்டுப் போயிடுறாங்க. அப்புறம் மறுநாள் காலை வரைக்கும் தண்ணி பித்தளையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்குது. அப்பத்தான் ஏறும்.

எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கொருக்குப்பேட்டையில அடிபம்புல காலையில முதல் குடம் யாரு அடிக்கிறதுன்னு எல்லாரும் சண்டை போடுவாங்க, எங்க அம்மா மட்டும் ஒதுங்கி நிப்பாங்க. நம்ம முறை முதல்ல வந்துட்டா அந்தக் குடத்தை வாசல் தெளிக்க வச்சுடுவாங்க. குடிக்கிறதுக்கு ரெண்டாவது குடம்தான். ஏம்மான்னு கேட்டா, "ராத்திரித் தண்ணிடா அது". அவங்க துரு வாடைக்குப் பயந்து செஞ்சாங்க, ஈயத்தைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும். ஆனா செஞ்சது சரி. குடம் வீடியோல இதைச் சொல்லிட்டேன். பரவாயில்ல, இன்னொரு தடவை கேட்டுக்குங்க.

பித்தளைல ஈயம் எதுக்குன்னு கேக்கலாம். கடைசல் பட்டறையில போய் நின்னு பாருங்க. வெறும் செம்பும் துத்தநாகமும்னா சீவல் நீளமா, சுருள் சுருளா வந்து உளியில சுத்திக்கும். ரெண்டு மூணு சதவீதம் ஈயம் கலந்தா பொடிப்பொடியா உதிரும். வேலை சீக்கிரம் முடியும், மரை சுத்தமா விழும். அதுக்காகத்தான் போடறாங்க, ஏமாத்தறதுக்கு இல்ல.

இப்போ அந்த அம்மாவோட ஸ்கூலுக்கு வாங்க. ஆர்.ஓ. ஈயத்தை எடுக்குமா? எடுக்கும், நல்லாவே எடுக்கும். ஆனா எடுத்த தண்ணி அதுக்கப்புறம் பித்தளை டேப்புக்குத்தானே போகுது? ஆர்.ஓ. தண்ணில உப்பு குறைச்சல், கொஞ்சம் புளிப்புப் பக்கம் சாஞ்சிருக்கும். நான் அதைப் பசிச்ச தண்ணின்னு சொல்வேன். சாதாரண மெட்ரோ தண்ணியை விட அது உலோகத்தைக் கூட அரிக்கும். அப்போ 60ங்கற நம்பர் தைரியம் சொல்ற நம்பர் இல்லம்மா. பசிச்ச தண்ணி பித்தளைக்குள்ள ராத்திரி பூரா தூங்குதுன்னுதான் சொல்லுது. சில்லுன்னு வர்ற முதல் தண்ணிக்கு உங்க பையனும் அவன் கூட்டாளிங்களும் அடிச்சுக்கிறாங்க. இதான் என் தூக்கம் போன கதை.

டெஸ்ட் எப்படின்னு சொல்லணும். நான் மணலிப் பக்கம் ஒரு கம்பெனி லேப்ல இருந்தப்போ, தெரிஞ்சவர் ஒருத்தர் அவங்க புள்ளை படிக்கிற ஸ்கூல் தண்ணியைப் பாத்துச் சொல்லுங்கன்னாரு. பேர் வேண்டாம். சாம்பிள் எடுக்கிறதுக்கு அட்டெண்டர் வந்தாரு. தங்கமான மனுஷன். டேப்பைத் துணி போட்டுத் துடைச்சாரு. அஞ்சு நிமிஷம் தண்ணியைத் திறந்துவிட்டாரு. பாட்டிலை மூணு தடவை அலசினாரு. அப்புறம் பயபக்தியோட பிடிச்சுக் கொடுத்தாரு. ரிப்போர்ட்ல ஈயம் இல்லவே இல்ல. எப்படி இருக்கும்? தூங்கின தண்ணியை எல்லாம் சாக்கடைக்கு அனுப்பிட்டு, ஓடின தண்ணியை இல்ல பிடிச்சோம்! கிருமிக்குப் பாக்கணும்னா அவர் செஞ்சது சரியான முறை. ஈயத்துக்கு அதுவே தப்பு. மறுநாள் வாட்ச்மேன் கேட் திறக்கும்போதே நான் போய் நின்னேன். ஒவ்வொரு டேப்புலயும் முதல்ல வர்ற தண்ணி. எல்லா டேப்பும் சுத்தம், ஒரே ஒரு டேப்பு மட்டும் எல்லைக்கு மேல. அதே டேப்பை அரை நிமிஷம் ஓடவிட்டுப் பிடிச்சா எல்லைக்குக் கீழ. ஆக, பைப் மேல குத்தம் இல்ல, டேப்பு மேலதான்.

இது நம்ம ஊர் அறியாமைன்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல ஃபிளிண்ட்னு ஒரு ஊர். 2014ல ஏரித் தண்ணியை விட்டுட்டு ஃபிளிண்ட் ஆத்துத் தண்ணிக்கு மாத்தினாங்க. பைப் அரிக்காம இருக்கப் போட வேண்டிய மருந்தைப் போடல. ஊர் பூரா ஈயம். அங்கயும் சாம்பிள் எடுக்க ஜனங்களுக்குக் கொடுத்த சீட்டுல, முந்தின ராத்திரியே தண்ணியைத் திறந்துவிட்டுட்டு, அப்புறம் டேப்பை மூடி நிக்கவிட்டு, காலையில பிடிங்கன்னு எழுதியிருந்துச்சு. நம்ம அட்டெண்டர் பிடிக்கிறதுக்கு முன்னாடி திறந்துவிட்டாரு, அவங்க தூங்கறதுக்கு முன்னாடி திறந்துவிடச் சொல்லி அச்சடிச்சே கொடுத்திருக்காங்க; ரெண்டுலயும் ஈயம் குறைச்சலாத்தான் தெரியும். 2016ல அவங்க சுற்றுச்சூழல் துறை, இனிமே அப்படி எழுதாதீங்கன்னு சொல்லவேண்டி வந்துச்சு.

அதனால லேபுக்குப் போன் பண்ணி, ஈயத்துக்குன்னு சொல்லியே அகல வாய் பாட்டில் கேளுங்க. 250 மில்லி. சாயந்திரம் யாரும் தொடாத டேப்பு, எட்டு மணி நேரத்துக்குக் குறையாம, பதினெட்டு மணி நேரத்துக்கு மேல போகாம நிக்கணும். காலையில ஒரு புள்ளை பாட்டிலை நீட்டுறதுக்கு முன்னாடி, அந்தப் புள்ளை திறக்கிற மாதிரியே திறந்து முதல் தண்ணியைப் பிடிக்கணும். டேப்பு வாயில, மெஷின் வாயில இல்ல. நாலு டேப்புக்கு நாலு பாட்டில், மேல நம்பர். போன வீடியோல திங்கட்கிழமை காலையில எடுங்கன்னு சொல்லிட்டேன், அது என் தப்பு. திங்கட்கிழமைத் தண்ணி ரெண்டு ராத்திரிக்கு மேல தூங்கின தண்ணி, தினசரி நிலைமையைக் காட்டாது. செவ்வாயிலேருந்து வெள்ளிக்குள்ள எடுங்க. ஆனா திங்கட்கிழமை பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி எல்லா டேப்பையும் திறந்துவிடச் சொல்லுங்க, அந்தத் தண்ணி செடிக்குப் போகட்டும்.

என்னைக் கேட்டா, நீங்க மீட்டிங்ல ஈயம் டெஸ்ட் பண்ணீங்களான்னு கேட்டிருக்க வேண்டாம். ஆமான்னு சொன்னாலும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, இல்லன்னாலும் சண்டைதான். "சார், எந்த டேப்புல, எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"ன்னு கேளுங்க. அடுத்த மீட்டிங்ல ஹெச்.எம். கிட்ட மரியாதையாவே கேக்கலாம், அவங்களும் பாவம், மெஷின் வித்தவர் சொன்னதைத்தானே சொல்றாங்க. கூடவே, அந்தக் கடைசி டேப்பை மட்டும் மாத்திடுங்கன்னு சொல்லிப் பாருங்க. மத்த மூணும் பிளாஸ்டிக்தானே, அதே மாதிரி ஒண்ணு. ஒரு பிளம்பரோட பத்து நிமிஷ வேலை. லேப் ரிப்போர்ட் வர்றதுக்குள்ள டேப்பு மாறிடும். மாத்தினப்புறமும் ஒரு தடவை பாத்துடணும், சுவத்துக்குள்ள என்ன பைப் ஓடுதுன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

அதுவரைக்கும் பையனைப் பயமுறுத்தாதீங்க. அந்தப் பித்தளை டேப்புல கை கழுவச் சொல்லுங்க, தோல் வழியா ஈயம் உள்ள போறது ரொம்ப சொற்பம். பாட்டிலை வீட்டுலேருந்து நிரப்பிக் கொடுத்தனுப்புங்க. வீட்டுல எந்த டேப்புன்னு நீங்களே ஒரு தடவை பாத்துக்குங்க.