மாரி வந்ததும் திரும்பப் பொங்கும் கறள்: மொறிஸ் மைனர் பற்றிய சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பாவின் பழைய மொறிஸ் மைனர் காரில் கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்தது. உரஞ்சி, பட்டி பூசி, பெயின்ட் அடித்தேன். மாரி வந்ததும் அதே இடம் திரும்பப் பொங்கிவிட்டது. வீட்டில் வைத்தே சரிசெய்யலாமா?"

செய்யலாம் தம்பி. ஆனால் தகரம் எவ்வளவு உக்கியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்தக் கொப்புளம் உள்ளேயிருந்து வந்தது. கதவுக்குக் கீழே நெடுக ஓடுகிற ஸில் உள்ளே வெறும் கூடுதான். மழைத்தண்ணீரும் சேறும் அதற்குள் தங்கிவிடும். உங்கள் ஊரில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புப் பட்ட ஈரம் இலேசில் காயாது. பட்டியோ தண்ணீரை உறிஞ்சும். கறளுக்கு மேல் அதைப் பூசினால், புண்ணுக்கு ஈரத்துணி கட்டின மாதிரித்தான்.

ஒரு ஸ்குரூ ட்ரைவர் எடுங்கள். பிடியால் ஸில் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் 'டங்' என்று கேட்கும், உக்கின இடம் 'பொத்' என்று அடங்கும். அந்த இடத்தில் நுனியை வைத்து அழுத்துங்கள். தகரம் பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்து நுனி உள்ளே போகிறதா? போகவில்லை என்றால் அது வீட்டு வேலை.

வயர் பிரஷ், 80ஆம் நம்பர் சாண்ட் பேப்பர் இரண்டாலும் வெள்ளைத் தகரம் தெரியும்வரை உரஞ்சுங்கள். கொப்புளத்தோடு நிற்காமல் சுற்றிவர நல்ல பெயின்ட் வரும்வரை போக வேண்டும். சிறு குழிகளுக்குள் கறுப்புப் புள்ளி நிற்கும். அதற்குத்தான் பொஸ்போரிக் அமிலம் சேர்ந்த கறள் மருந்து. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். போத்தலில் சொன்னபடி துடைத்துக் காயவிட்டு, அன்றைக்கே எபொக்சி பிரைமர் என்கிற அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். நம் காற்றில் வெறும் தகரத்தை ஓர் இரவு விட்டாலே விடியும்போது மஞ்சள் பூத்திருக்கும். பட்டி பிரைமருக்கு மேல்தான், அதுவும் 3 மில்லிமீற்றருக்குள். இதையெல்லாம் மாரியில் தொடங்க வேண்டாம், பங்குனி வெயில் வரட்டும்.

சரி, நுனி உள்ளே போய்விட்டதென்றால்? அப்போது பட்டியும் வேண்டாம், பைபர் (கண்ணாடி நார்) ஒட்டும் வேண்டாம். மொறிஸ் மைனருக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பொடி என்கிற தகரக் கூடுதான் பாரத்தைத் தாங்குகிறது. ஸில் உக்கினால் கார் நடுவில் தொய்யும், கதவு பூட்டச் சிரமப்படும். உக்கினதை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வெல்டிங் பண்ண வேண்டும். கைதேர்ந்தவரிடம் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். வெட்டுவதற்கு முன் பொடிக்குக் கீழே முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கதவைக் கழற்றாமல், அதன் இடைவெளியை அடிக்கடி பார்த்துப் பார்த்து, புள்ளி புள்ளியாக ஒட்ட வேண்டும். ஒரே நீட்டுக்கு ஒட்டினால் சூட்டில் தகரம் நெளியும். பற்றரியைக் கழற்றிவிடுங்கள். பெற்றோல் டாங்கி டிக்கிக்குக் கீழேதான் இருக்கிறது. பின்பக்க வேலை என்றால் அதை இறக்காமல் நெருப்புப் பக்கமே போகக்கூடாது.

அப்புறம், கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற துளைகள் இருக்கும். ஒரு கம்பியை விட்டு அடைப்பை எடுங்கள். காரைப் பொலித்தீனால் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். காற்றோட்டமான கிடுகுக் கொட்டில் போதும். மழைக்குப் பிறகு தரை விரிப்பைத் தூக்கிக் கீழே கையால் தடவிப் பாருங்கள், ஈரம் பட்டால் அன்றைக்கே வெயிலில் போடுங்கள்.